ஷட்டரின் இரண்டாவது சாவி

ஒரு ஜெனரேட்டரை எப்படியெல்லாம் திருடலாம் என்று அக்காவுக்குப் பதினோரு வழி தெரியும். விரல் மடக்கிச் சொல்லுவாள். கல்யாண வீட்டில் எல்லாரும் பந்திக்குப் போகிற நேரம் ஒன்று. கரண்ட் வந்ததும் ஜெனரேட்டரை எல்லாரும் மறந்துபோகிற நேரம் ஒன்று. கையில் ஸ்பானரோடு வந்து, ‘ரிப்பேர் பார்க்கச் சொன்னாங்க’ என்று தூக்கிக்கொண்டு போவது ஒன்று. இப்படியே போகும். பதினோராவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவாள்.

“கூடவே நின்னு சிரிச்சுப் பேசிகினு இருப்பான் பாரு. அவன்தான்டி.”

நான் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

ஆரணியில் சேத்துப்பட்டு போகிற ரோட்டில் என் தையல் கடைக்கும் வாடகைக்குச் சாமான் விடுகிற அவளுடைய கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நான் பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, முந்தானைக்குக் குச்சு கட்டி, பிளவுஸ் தைக்கிறவள். அவள் கடையில் மூன்று ஜெனரேட்டர், ஆறு கூடாரம், பத்துப் பன்னிரண்டு தூங்கும் பை, கேஸ் அடுப்பு, பேட்டரி விளக்கு. அவள் வீட்டுக்காரர் ரேடியோ செட் வைத்திருந்தவர். அவர் போன பிறகு பாட்டுச் சத்தம் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஸ்பீக்கர்களை எல்லாம் கொடுத்துவிட்டு ஜெனரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டாள். தறி வீடுகளில் புடவைக்கு டிசைன் எடுக்கிற ஜக்கார்டு பெட்டிக்கும் இப்போது கரண்ட் வேண்டும். முகூர்த்த நாளில் மண்டபங்களுக்கு வேண்டும். ஜவ்வாது மலைக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிற பிள்ளைகள் வர ஆரம்பித்ததும் கூடாரங்களையும் வாங்கிப் போட்டாள்.

முதல் ஜெனரேட்டர் திருடு போன கதையை எனக்கு அவள் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். கண்ணமங்கலத்தில் ஒரு வளைகாப்பு. பெண்ணின் அம்மா வந்து கையைப் பிடித்து, “வந்து ஒரு வாய் சாப்பிடுங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள். இலையில் பாயசம் விழுகிற நேரத்தில் வெளியே சத்தம் நின்றது. கரண்ட் வந்துவிட்டது போல, யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து அக்கா பாயசத்தைக் குடித்துவிட்டுக் கையலம்பி வந்தாள். வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷ வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. ஜெனரேட்டர் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். யாராவது இலையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் சாப்பிடுவாள். பாயசம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்த டப்பா மேல் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் முழிப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

திருட்டுக்கு எதிராக அவள் செய்யாத வேலை கிடையாது. மூன்று ஜெனரேட்டருக்கும் பார்க்கச் சகிக்காத ரோஸ் கலர் அடித்து வைத்திருந்தாள். “இந்தக் கலர்ல எவன்டி வாங்குவான்? திருடனுக்கே வெக்கமா இருக்கும்.” வேலை முடிந்ததும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். மாடு கட்டுகிற சங்கிலி, அதில் இரண்டு பூட்டு. கூடாரத்து ஜிப்பில் ஆட்டு மணி. யாராவது திறந்தால் மணி அடிக்குமாம். மலையில் காற்றடித்து விடிய விடிய மணி அடித்ததில் தூங்கவே முடியவில்லை என்று சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி புகார் சொன்னாள். “நல்லதாப் போச்சு, முழிச்சிகினு காவல் காத்திருப்பீங்க” என்றாள் அக்கா.

கூடாரம் வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் ஆதார் ஜெராக்ஸை நீட்டுவார்கள். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

“இது கெடக்கட்டும். உங்க அம்மா நம்பர் குடு.”

அந்தப் பிள்ளைகள் எதிரிலேயே போன் போடுவாள். “நமஸ்காரம்ங்க. நான் ஆரணியிலேர்ந்து பேசறேன். உங்க பையன் ஜவ்வாது மலைக்குப் போவறான். கூடாரம் என்னுது. பத்திரமா எடுத்தாந்து குடுக்கச் சொல்லுங்க. பையனும் பத்திரம்.” வீட்டில் வேறு ஏதோ பொய் சொல்லிவிட்டு வந்த பாதிப் பேர் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் தையல் மிஷின் மேல் கவிழ்ந்து சிரிப்பேன்.

அந்தக் கூடாரங்களில் என் கையும் இருந்தது. ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் யாருக்கும் தெரியாத இடத்தில் பச்சை நூலில் மூன்று தையல் போடச் சொன்னாள். “நாளைக்கு எவன் எடுத்துகினு போனாலும் இது என்னுதுன்னு நான் நிரூபிக்கணும். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும்.” போட்டுக் கொடுத்தேன். இதெல்லாம் ஒரு நாள் உதவப் போகிறதா என்று நினைத்தேன், உதவியது.

பஸ் ஸ்டாண்டில், வாடகைக்கு எடுத்துப் போன ஒரு பையனின் பைக்கிலிருந்து நீலக் கூடாரம் ஒன்று காணாமல் போனது. ஐந்தாறு மாதம் கழித்துக் களம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் கொண்டு போனபோது, அரிசி மில்லுக்குப் பின்னால் உமி கொட்டுகிற இடத்தில் அது நின்றுகொண்டிருந்ததை அக்கா பார்த்திருக்கிறாள். நேராக உள்ளே போய் மடிப்பைத் திருப்பினாள். பச்சை நூல். உள்ளே மூட்டை தூக்குகிற ஒருவனும் அவன் பெண்டாட்டியும், பிறந்து இருபது நாள் ஆன ஒரு குழந்தையும் இருந்தார்கள். சந்தையில் வாங்கியதாக அந்த ஆள் சொன்னான்.

அக்கா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். “ஏங்கா, எடுத்துகினு வரல?” என்றேன்.

“எப்படிடி அவுக்கிறது? மழை பேஞ்சிகினு கீது. கொழந்தை உள்ள கீது.”

அத்தோடு விட்டாளா? அடுத்த நாள் ஒரு சங்கிலியும் பூட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் களம்பூர் போனாள். அந்தக் கூடாரத்தின் கம்பியைப் பக்கத்திலிருந்த கல் தூணோடு சேர்த்துப் பூட்டி, சாவியைப் பிள்ளை பெற்றவள் கையில் கொடுத்தாள். “பத்திரமா வெச்சுக்கோம்மா. இந்தப் பக்கம் திருட்டுப் பசங்க ஜாஸ்தி.” தன்னிடமிருந்து திருடிய கூடாரத்தை வேறு யாரும் திருடிவிடக் கூடாது என்று பூட்டு வாங்கிக் கொடுத்த ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. மூன்று நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். டீக்கடைக்காரரிடம் சொன்னேன், பூக்காரம்மாவிடம் சொன்னேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அக்காவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

எனக்கு எதற்கெடுத்தாலும் கிண்டல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிற ஜாதி. அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “தையக்காரி” என்பாள். தினமும் நான் கடை மூடும்போது வந்து நிற்பாள். “பூட்டினியா? இழுத்துப் பாத்தியா? இன்னொரு வாட்டி இழு.” நானும் இழுப்பேன். “கத்தரிக்கோலை உள்ள வெச்சியா?” வைத்தேன் என்பேன். வாடிக்கையாளர்கள் எதிரில் இதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். இவளுக்கு ஒரு நாள் பாடம் கற்பிக்க வேண்டும் என்று விளையாட்டாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் பங்குனியில் வந்தது. நல்ல வெயில். சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்துவிட்டதென்று அதை வெல்டிங் கடையில் கொடுத்திருந்தாள் அக்கா. இருப்பதிலேயே சின்ன ஜெனரேட்டரைக் கழுவி வாசலில் காயவைத்திருந்தாள். பெட்ரோல் கேனை எடுத்துக்கொண்டு பங்க்குக்குக் கிளம்பினவள், இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாள்.

“தையக்காரி, பத்து நிமிசம். ஒரு கண்ணு வெச்சுக்கோ.”

“ரெண்டு கண்ணும் வெக்கிறேன், போய்ட்டு வாக்கா.”

அவள் தெருமுனை திரும்பினதும் அதை இழுத்து என் கடைக்குள் வைத்தேன். துணி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, லைனிங் துணியைப் போட்டு மூடினேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் வந்து கத்துவாள், பதினோரு வழியையும் சொல்லித் திட்டுவாள், அப்போது துணியை விலக்கிக் காட்டலாம் என்று இருந்தேன்.

அவள் கத்தவில்லை. கேனை மெதுவாகக் கீழே வைத்தாள். வாசலில் ஈரம் காயாத சதுரத்தைப் பார்த்தாள். அப்படியே வாசல் ஜல்லியில் உட்கார்ந்துவிட்டாள். நான் நாடகத்துக்காக வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். “ஐயோ அக்கா, உள்ளே துணி வெட்டிகினு இருந்தேன், பாக்கலியே.”

“உன் மேல தப்பில்லடி,” என்றாள். “கட்டாம வெச்சது நான்தானே.”

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கம் போன ஷேர் ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். இங்கே கூட்டம் கூடிவிட்டது. பட்டப்பகலில் தூக்கியிருக்கிறானே, அவன் கையை முறிக்க வேண்டும் என்றார் டீக்கடைக்காரர். தெரிந்த யாராவதுதான் எடுத்திருப்பார்கள் என்றாள் பூக்காரம்மா. எல்லாரும் என் முகத்தையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. விளையாட்டுக்கு எடுத்தேன் என்று இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? தலையை ஆட்டி, “ஆமா, கையை முறிக்கணும்” என்று நானும் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் ஜெனரேட்டரைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் முள்செடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா திரும்பி வந்தாள். வேலூர் பஸ், களம்பூர் பஸ், சேத்துப்பட்டு பஸ் ஒவ்வொன்றிலும் ஏறிச் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறாள். ஒரு செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. கால் கட்டைவிரலில் ரத்தம். நான் பின்பக்கம் போய்த் தேடுகிற மாதிரி தேடி, “அக்கா! ஜல்தி வா! இங்க கீது!” என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்து அந்த ரோஸ் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

“எப்படிடி? நான் போன பத்து நிமிசத்துல வந்தான்னா, நான் இல்லன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

நான் யோசிக்கவே இல்லை. அவள் கடையின் பின்சுவரில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதைக் காட்டினேன்.

“இது வழியா பாத்துகினு இருந்திருப்பான்க்கா.”

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கரண்டி உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்தேன்.

ஷட்டரின் பூட்டையும் மாற்றினாள். நடுவில், உள்ளேயும் வெளியேயும் திறக்கிற மாதிரி ஒரு பூட்டு. அதற்கு இரண்டு சாவி. ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னொன்றை என் மிஷின் மேல் வைத்தாள்.

“இது உன்கிட்ட இருக்கட்டும்.”

“எனக்கு எதுக்குக்கா?”

“இந்தத் தெருவுல வேற யாரை நம்பறது? கண்டுபுடிச்சுக் குடுத்தவ நீதானே.”

அவள் கையால் கத்திக்குத்து வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. சாவியை எடுத்து என் கொத்தில் மாட்டிக்கொண்டேன். அரைக்கிலோ மைசூர்பாகும் வாங்கி வந்திருந்தாள். அதையும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அக்கா மாறிவிட்டாள். முன்பெல்லாம் அவள் பூட்டியதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது, பார்த்தால் சிரிப்பு வரும். இப்போது பயம் மட்டும்தான். வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கூடாரங்களைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கடையிலேயே படுத்தாள். காலையில் கண் சிவந்திருக்கும். ஜெனரேட்டரை வாசலில் வைத்து ஓட்டிச் சோதிப்பது அவள் வழக்கம். அதையும் உள்ளே வைத்துச் செய்ய ஆரம்பித்தாள். ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு ஓட்டுவாள். புகை என் கடை வரைக்கும் வரும்.

“ஏங்கா, வெளிய வெச்சு ஓட்டக் கூடாதா? ஒரே புகையா கீதே.”

“புகை வந்தா வரட்டும். புகை எதையும் தூக்கிகினு போவாது.”

இரண்டு முறை சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். முதல் முறை ஆடிக் கிருத்திகை அன்று கோயிலில் சத்தியம் பண்ணிக்கொண்டு நேரே அவள் கடைக்குப் போனேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து மணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துக் கேட்டேன். “அக்கா, அந்தத் திருடன் கெடைச்சா இன்னா பண்ணுவே?”

அவள் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணும் பண்ண மாட்டேன்டி. எதுக்கு எடுத்தே, எதுக்கு உட்டுட்டுப் போனேன்னு மட்டும் கேப்பேன். எடுத்துகினு போயிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். உட்டுட்டுப் போனான் பாரு, அதுதான் பேஜாரா கீது. திரும்ப வருவான்னு தோணுது. யாருன்னு தெரிஞ்சுட்டா போதும், ஷட்டரைத் தெறந்து போட்டுட்டுக் காத்தாட வீட்டுல போய்த் தூங்குவேன்.”

இதை விட ஒருத்தி எப்படிக் கேட்பாள்? நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னைத் திட்டியிருப்பாள், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள், பிறகு கதவைத் திறந்து வைத்திருப்பாள். எனக்கு அந்த ஒரு வாரத்தைத் தாங்குகிற தைரியம் இல்லை. ‘கண்டுபுடிச்சுக் குடுத்தவ’ என்று தெருவில் எனக்கு வந்திருந்த பெயரை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. “நேரமாச்சுக்கா” என்று எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது முறை அவள் கடை வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. ஆரணிக்குக் காற்று அவ்வளவாக இல்லை, மழைதான். கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. தறிகள் நின்றன. மாவு மில் நின்றது. எல்லாருடைய போனும் செத்துப்போனது. வெளியூரில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் தவித்துப்போனார்கள்.

இரண்டாவது நாள் அக்காதான் சொன்னாள். “போனை எல்லாம் எடுத்தாந்து குடுங்க. சின்ன ஜெனரேட்டரைப் போட்டு சார்ஜ் ஏத்தித் தர்றேன்.” ஒரு பைசா வாங்கவில்லை. தெருவே வந்து வரிசையில் நின்றது. ஒவ்வொரு போனிலும் ஒரு காகிதத் துண்டை ஒட்டி எழுதினாள்: பூக்காரம்மா, டீக்கடை, வாத்தியார் வீடு, மாவு மில். யாருடையதும் மாறிவிடக் கூடாது, யாருடையதும் தொலைந்துவிடக் கூடாது. இரண்டாம் நாள் ஷட்டர் இடுப்பு உயரத்துக்குத் திறந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் என் போனைக் கொடுத்தேன். சென்னையில் படிக்கிற என் மகள் கூப்பிடுவாள் என்று சொன்னேன். “ஃபஸ்ட்டு உன்னுதுதான்” என்று வாங்கிக்கொண்டாள். பத்து மணி வாக்கில் யாரோ ஒரு செய்தி கொண்டுவந்தார்கள்: பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை வாசலில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை ஓடஓடவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உண்மையோ பொய்யோ தெரியாது. அக்கா வெளியே வந்து தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். என்னைப் பார்த்து, “நாப்பது போன் கீதுடி உள்ள, எல்லாம் அடுத்தவங்க சொத்து” என்றாள். உள்ளே போனாள். ஷட்டர் தரை வரைக்கும் இறங்கியது. சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

எனக்குக் கால் மிதி மிஷின், கரண்ட் வேண்டாம். ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். சுவர் வழியாக ஜெனரேட்டரின் அதிர்வு என் கால் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அது எனக்குப் பழகிய சத்தம். அது ஓடினால் அக்கா இருக்கிறாள் என்று அர்த்தம்.

மதியம் அது திணறி நின்றது.

பெட்ரோல் தீர்ந்திருக்கும், இப்போது ஊற்றுவாள் என்று நினைத்தேன். ஊற்றவில்லை. தூக்கமில்லாதவள், கொஞ்சம் கண் அயர்ந்திருப்பாள், தூங்கட்டும் என்று நினைத்தேன். மிஷின் மேல் என் சாவிக்கொத்து கிடந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பக்கம் ஹெம்மிங் பண்ண ஆரம்பித்தேன். இரண்டு கைக்கும் முடித்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அப்புறம்தான் எழுந்து போய் ஷட்டரைத் தட்டினேன்.

“அக்கா.”

இன்னொரு முறை தட்டினேன். பிறகு சாவி போட்டுத் திறந்தேன்.

முகத்தில் சூடாகப் புகை வந்து அடித்தது. அக்கா ஜெனரேட்டர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். ஓடிப்போய் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக அவளை வெளியே இழுத்து மழையில் போட்டோம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். அக்காவின் இமையைத் தூக்கிப் பார்த்தாள், நாடி பார்த்தாள், உயிர் போய்விட்டது என்றாள். மூடின அறைக்குள் ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது, அந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும் என்றாள். ஒரு ஜன்னல்கூடவா இல்லை என்று கேட்டாள்.

“கொஞ்சம் முன்னாடி கதவைத் தெறந்திருந்தா...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

அந்தக் கொஞ்சம் என் கையில் இருந்தது. அதில் நான் இரண்டு கைக்கு ஹெம்மிங் பண்ணினேன்.

மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே தெருக்காரர்கள் வந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள். பெயர் ஒட்டியிருந்ததால் ஒன்றுகூட மாறவில்லை, ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. என் போன் மட்டும் அந்த வரிசையில் இல்லை. கூட்டத்தில் எங்கேயோ போயிருக்கும் என்றார்கள். அவளைக் குளிப்பாட்டும்போதுதான் கிடைத்தது. முந்தானையில் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, இடுப்பில் ப்ளக் வைக்கிற இடத்தில் செருகி வைத்திருந்தாள். முடிச்சை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் ஆனது. சார்ஜ் நூறு இருந்தது. மகளிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன.

திருட்டு பயமே அவளைக் கொன்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ‘பாவம், ஒருமுறை தூக்கிக்கொண்டு போனானே ஒருத்தன், அன்றையிலிருந்து அப்படி ஆகிவிட்டாள்’ என்கிறார்கள். அந்த ஒருத்தன் நாசமாய்ப் போவான் என்று பூக்காரம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த முறையும் தலையை ஆட்டினேன்.

அவளுடைய அண்ணன் மகன் வேலூரிலிருந்து வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போனான். களம்பூரிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து சாவி ஒன்றை நீட்டினாள். யாரிடம் கொடுப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, வாங்கிக்கொள்ள எனக்கும் அருகதை இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது அக்காவின் கடையில் ஜூஸ் கடை வந்துவிட்டது. மிக்ஸிக்குச் சூடாகிறதென்று முதல் வேலையாகப் பின்சுவரை உடைத்துப் பழைய ஜன்னலைத் திறந்தார்கள். ஷட்டருக்குப் புதுப் பூட்டு. என் கொத்தில் இருக்கிற சாவி எதையும் திறக்காது. தினமும் கடையைப் பூட்டி ஒரு முறை இழுத்துப் பார்க்கிறேன். இன்னொரு வாட்டியும் இழுத்துப் பார்க்கிறேன். பிறகு அந்தச் சாவியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நிற்கிறேன்.

யார் என்று தெரிந்தால் போதும் என்றாய். எதற்கு எடுத்தே என்று மட்டும் கேட்பேன் என்றாய். சிரிக்கத்தான் எடுத்தேன் அக்கா. நான்தான்.